ரப்பரை மாற்று, இரும்பை விடு: நெடும்பயணத்துக்கு முன் ஒரு பழைய கார்

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு பானெட்டைத் திறந்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல ஹோஸ் கெட்டியாக இருக்கும், விட்டதும் பழைய உருவத்துக்கு வந்துவிடும். கெட்டுப்போனதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கனிந்த பழம் மாதிரி மெத்தென்று அமுங்கும். இன்னொன்று அழுத்தும்போது நறநறவென்று சத்தம் போடும்; உள்பக்கம் வெடிப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம். கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்தில் உப்புப் பூத்தது போல வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால், அங்கே ரொம்ப நாளாகவே கூலன்ட் (என்ஜினின் சூட்டைத் தணிக்கும் திரவம்) கசிந்து கசிந்து காய்ந்திருக்கிறது.

என்னுடைய பதினேழு வயதுக் காரில் சத்தமும் இருந்தது, உப்பும் இருந்தது. தினமும் ஓடிக்கொண்டிருந்த கார்தான். ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. 3,000 கிலோமீட்டர் பயணம் ஒன்றுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. இந்தக் காரை என்ன செய்வது என்ற கேள்வி அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

யோசித்தால் நான்கு வழி இருக்கிறது. ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு அப்படியே கிளம்பலாம். வயதான எல்லாப் பாகங்களையும் ஒரே மூச்சில் புதிதாக்கலாம். சோதித்துப் பார்த்து, தேர்ந்தெடுத்து மாற்றலாம். இல்லையென்றால் பழைய காரை வீட்டில் நிறுத்திவிட்டு வாடகைக் கார் எடுக்கலாம். என்னுடைய விருப்பம் மூன்றாவது வழி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மற்ற மூன்றையும் அசட்டு யோசனை என்று ஒதுக்க முடியாது.

ஓடுகிற வண்டியைத் தொடாதே என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு பாகத்தைக் கழற்றி மாட்டினால் அந்த இணைப்பு புதிதாகப் பிழைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கிளாம்பைச் சரியாக முடுக்கியிருக்க மாட்டார்கள், ஒரு வயரின் பிளக் பாதிதான் நுழைந்திருக்கும். இந்த வாதம் உடைவது வேறு இடத்தில். தினமும் 20 கிலோமீட்டர் போய்வரும் காருக்கும், ஏழு மணி நேரம் நிற்காமல், ஐந்து பேரும் பெட்டிகளும் ஏசியும் சேர்ந்து மேட்டில் ஏறும் காருக்கும் படுகிற பாடு வேறு வேறு. ஊருக்குள் ஓடும்போது முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நாம் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ஊருக்குள் நன்றாக ஓடுகிறது என்பது ஊருக்குள் ஓடுவதற்கு மட்டும்தான் அத்தாட்சி.

எல்லாவற்றையும் மாற்றுவதை நான் ஒரு முறை செய்து பார்த்திருக்கிறேன். இதற்கு முன்பிருந்த காரில், கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை வாட்டர் பம்ப், ஹோஸ்கள், பெல்ட் எல்லாம் மாற்றி, பெருமையோடு விடியற்காலையில் புறப்பட்டேன். 200 கிலோமீட்டர் தாண்டியதும் காருக்குள் இனிப்பாக ஒரு வாசனை வந்தது. சூடான கூலன்ட்டின் வாசனை அது. ஒரு முறை முகர்ந்தால் மறக்காது. கீழ் ஹோஸின் கிளாம்ப் நழுவியிருந்தது. பாகத்தின் மேல் குற்றமில்லை, கடைசி நேரத்தில் அவசரமாக மாட்டியதுதான் தப்பு. அதற்கப்புறம் பயணத்துக்கு முந்தின நாள் காரில் ஸ்பேனர் படவிடுவதில்லை.

புதுப் பாகம் என்றால் நம்பலாம் என்பதும் பாதி உண்மைதான். மலிவான தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்து கூலன்ட்டுக்கு வழி திறக்கும் வால்வு), மலிவான சென்சார் இவையெல்லாம் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கோளாறோடு வருவதுண்டு. பதினைந்து வருடம் ஒழுங்காக உழைத்து பேட்டரியை சார்ஜ் செய்த ஒரிஜினல் ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு, பெயர் தெரியாத புதுசை மாட்டுவது முன்னேற்றம் ஆகாது.

சரி, மூன்றாவது வழியில் போவதென்றால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? நான் ஒவ்வொரு பாகத்திடமும் இரண்டு கேள்வி கேட்கிறேன். இது வயதால் கெடுமா, ஓட்டத்தால் கெடுமா? கெடும்போது முன்கூட்டியே சொல்லுமா, சொல்லாமல் போகுமா?

இரும்பு பெரும்பாலும் ஓட்டத்தால் தேய்கிறது. தேயும்போது சத்தம் போட்டுச் சொல்கிறது. வீல் பேரிங் முனகும், பிரேக் பேட் கீச்சிடும், ஷாக் அப்சார்பர் போன கார் மேடு பள்ளத்தில் தொட்டில் மாதிரி ஆடும். ரப்பரும் திரவங்களும் அப்படியில்லை. கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவற்றுக்கு வயதாகிக்கொண்டே இருக்கும். டயர், ஹோஸ், பெல்ட், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாம் இந்தக் கூட்டம்தான். நேற்று வரை நன்றாக இருந்த பெல்ட் இன்று அறுந்து விழும். "அதிகம் ஓடாத கார், 60,000 கிலோமீட்டர்தான் ஆகிறது" என்று நினைக்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பத்து வருடத்தில் 60,000 ஓடிய காரின் ரப்பரை விட, மூன்று வருடத்தில் 1,50,000 ஓடிய காரின் ரப்பர் இளசு.

எலெக்ட்ரிக் சென்சார்கள் இந்த விதிக்குள் அடங்காது. குறிப்பாக கிராங்க்‌ஷாஃப்ட் சென்சார் (என்ஜின் சுழல்வதைக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது) சூட்டில் சண்டித்தனம் செய்து என்ஜினை நிறுத்தும், ஆறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். "சூடாக இருக்கும்போது நிறுத்தினால் திரும்ப எடுக்க அடம்பிடிக்கிறது" என்று உங்கள் காரைப் பற்றி நீங்கள் எப்போதாவது சொல்லியிருந்தால், கிளம்பும் முன் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

கூலிங்: எவ்வளவு தூரம் போவது?

பழைய காரோடு நெடுவழி போகும்போது எனக்கு முதல் பயம் சூடுதான். பஞ்சர் ஆனால் ஒரு மணி நேரம் போகும். என்ஜின் கொதித்து அதன் மேல்பாகமான ஹெட் வளைந்தால் பயணமே போய்விடும், சில சமயம் காரும் போய்விடும்.

இங்கே மூன்று அளவில் வேலை செய்யலாம். கூலன்ட்டை மட்டும் மாற்றுவது முதல் அளவு. கூலன்ட்டோடு ஹோஸ்கள், கிளாம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி இவற்றையும் மாற்றுவது இரண்டாவது. ரேடியேட்டரும் வாட்டர் பம்ப்பும் சேர்த்துப் புதிதாக்குவது மூன்றாவது. பத்து வயது தாண்டிய கார் என்றால் நடு அளவைத்தான் சொல்வேன். செலவு குறைவு, சொல்லாமல் கெடுகிற சாமான்கள் எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன.

இதில் யாரும் கவனிக்காத சின்னப் பொருள் அந்த மூடி. கடல் மட்டத்தில் வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை சுமார் 106 டிகிரிக்கு ஏறுகிறது, அவ்வளவுதான். அதே கலவையை ஒரு பார் அளவு அழுத்தத்தில் மூடி பிடித்து வைத்தால் சுமார் 129 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கிறது. அதாவது கூலன்ட் தருவது ஆறு டிகிரி, மூடி தருவது இருபதுக்கும் மேல். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து அழுத்தம் ஒழுகினால், விலை உயர்ந்த கூலன்ட் ஊற்றியும் மேட்டில் கொதிக்கும். வாஷரில் வெடிப்போ தழும்போ தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். அதே அழுத்தம் குறித்த மூடியாக இருக்க வேண்டும்.

கூலன்ட்டை நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பதெல்லாம் கம்பெனிகள் போடும் சாயம். பொதுவான விதி எதுவும் கிடையாது. காரின் கையேட்டில் என்ன வகை சொல்லியிருக்கிறதோ அதுதான். வேறு வேறு வகையைக் கலந்தால் துருத் தடுப்பு கெடும், சில கலவைகள் கூழாகி ரேடியேட்டரை அடைக்கவும் செய்யும். உள்ளே இருப்பது எது என்று தெரியாவிட்டால் முழுதாக வடித்து, சுத்தத் தண்ணீரில் அலசி, புதிதாக நிரப்புவது நல்லது. நிரப்பிய பிறகு உள்ளே காற்று நிற்காமல் வெளியேற்ற வேண்டும். அந்த வேலையைச் சோம்பலில் விட்டுவிட்டு, "புது கூலன்ட் போட்டும் சூடாகிறதே" என்று தலையைச் சொறிகிறவர்கள் நிறைய.

ரேடியேட்டர், பம்ப் வரை போக வேண்டுமா என்பதை எப்படி முடிவு செய்வது? கார் எங்கே சூடாகிறது என்று பாருங்கள். சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் பெரும்பாலும் ஃபேன், அதன் ரிலே, ஃபேன் சுவிட்ச் இவற்றில் ஏதோ ஒன்று. நிற்கும்போது நன்றாக இருந்து, வேகத்திலும் மேட்டிலும் ஏறினால் ஃபேனைக் குறை சொல்ல முடியாது. அந்த வேகத்தில் காற்று தானாகவே வருகிறது. அப்போது ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், பம்ப் தளர்ந்திருக்கலாம். இரண்டாவது வகைதான் நெடும்பயணத்துக்கு ஆபத்து. ஊருக்குள் ஓட்டினால் அது கண்ணில் படவே படாது.

முள்ளை முழுதாக நம்பவும் கூடாது. பல கார்களில் அந்த முள் வேண்டுமென்றே மந்தமாக வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே 80 டிகிரியோ 100 டிகிரியோ, அது நடுவிலேயே நின்று நம்மைத் தூங்க வைக்கும். அது ஏறத் தொடங்கும்போது காரியம் பாதி கெட்டிருக்கும். காரில் ஓபிடி சாக்கெட் (என்ஜின் தகவல்களைக் கருவி செருகிப் படிக்கும் இடம்) இருந்தால் சின்ன ப்ளூடூத் கருவி ஒன்றைச் செருகி, உண்மையான வெப்பநிலையை மொபைலில் எண்ணாகவே பார்க்கலாம். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இந்த வசதி கட்டாயமானது. மற்ற நாடுகளிலும் பின்னால் வந்தது. புது ரேடியேட்டர் வாங்கலாமா என்று யோசிக்கும் காசில் மிகச் சின்னப் பங்கு இந்தக் கருவிக்குப் போதும். சமதளத்தில் 90ஐ ஒட்டியே நிற்கிற கார், மேட்டில் 100ஐத் தொட்டுத் திரும்பி வந்தால் பயமில்லை. 110ஐத் தாண்டி இன்னும் ஏறிக்கொண்டே போனால் ஓரம் கட்ட வேண்டும்.

கசிவை அடைக்கும் பொடி, திரவம் என்று விற்கிறார்களே, அதை முன்னேற்பாடாக ஊற்றலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஓட்டையை அடைக்கிற பொருளுக்கு ஓட்டை எது, ஹீட்டரின் மெல்லிய குழாய் எது என்று தெரியாது. டிக்கியில் வேண்டுமானால் ஒரு டப்பா இருக்கட்டும், வேறு கதி இல்லாத நேரத்துக்கு.

டைமிங் பெல்ட்: இதில் பேரம் கிடையாது

மற்ற எல்லாவற்றிலும் "பார்த்து முடிவு செய்யலாம்" என்கிற நான் இந்த ஒன்றில் மட்டும் பிடிவாதக்காரன். உங்கள் என்ஜினில் இருப்பது பெல்ட்டா செயினா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால், கடைசியாக எப்போது மாற்றியது என்பதற்குக் கையில் ரசீது இருக்க வேண்டும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். "முன்னாடி வைத்திருந்தவர் மாற்றியதாகச் சொன்னார்" என்பது கணக்கில் சேராது.

காரணம் எளிது. பல என்ஜின்களில் பிஸ்டன் மேலே வரும் இடமும் வால்வு கீழே இறங்கும் இடமும் ஒன்றுதான். இரண்டும் மோதாமல் நேரம் பிரித்துக் கொடுப்பது அந்த ரப்பர் பெல்ட். அறுந்த கணத்தில் பிஸ்டன் வால்வுகளை அடித்து வளைக்கும். சில நேரம் அந்தக் காரின் மதிப்பை விட ரிப்பேர் செலவு அதிகமாகிவிடும். மாற்ற வேண்டிய தூரம் காருக்குக் கார் வேறு, ஒரு லட்சம் கிலோமீட்டரைச் சுற்றி முன்னே பின்னே இருக்கும். ஆனால் கையேட்டில் தூரத்தோடு வருடக் கணக்கும் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு.

மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடித்து வழிநடத்தும் டென்ஷனர், ஐட்லர் உருளைகளையும் சேர்த்து மாற்றுங்கள். வாட்டர் பம்ப் அதே பெல்ட்டில் ஓடுகிற கார் என்றால் பம்ப்பையும் மாற்றிவிடலாம், கூலி ஒன்றுதான். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும், நன்றாக இருக்கும் இரும்புப் பாகத்தை மாற்றுவதற்கு நான் சம்மதிப்பேன். செயின் உள்ள கார்க்காரர்கள் காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி சலசலவென்று சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டால் போதும்.

டயர்: பட்டனை மட்டும் பார்த்தால் போதாது

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்களைத் தேடிப் படியுங்கள். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2318 என்றிருந்தால் 2018ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ஒரு பக்கம் எண் தெரியவில்லை என்றால் உள்பக்கம் இருக்கும், காருக்கு அடியில் தலையை விட வேண்டியிருக்கும். மூன்றே எண்தான் இருக்கிறதா? அது 2000க்கு முந்திய டயர். கேள்வியே வேண்டாம், கழற்றிவிடுங்கள்.

பட்டன் ஆழம், அதாவது டயரின் மேல் வெட்டியிருக்கும் பள்ளத்தின் ஆழம், 1.6 மில்லிமீட்டர் என்பது பல நாடுகளின் சட்டம் சொல்லும் கடைசி எல்லை. மழை வர வாய்ப்புள்ள பாதையில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கும் டயரோடு நான் கிளம்ப மாட்டேன். ஆழம் ஏழு மில்லிமீட்டர் இருந்தாலும் வயது பத்தைத் தொட்டிருந்தால் அதோடும் கிளம்ப மாட்டேன். ஆறு வயதிலிருந்தே ஒவ்வொரு வருடமும் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும். பத்து வயதோடு, எப்படித் தெரிந்தாலும், நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் டயர்க் கம்பெனிகள் பொதுவாகச் சொல்வது. முழுப் பாரத்தோடு வெயிலில் மணிக்கணக்காக ஓடும்போது பழைய டயரின் உள் அடுக்குகள் பிரிந்துவிடும், அது வெளியே தெரியாது.

நான்கும் வாங்குவதா, இரண்டு போதுமா? முன்னால் இரண்டும் தேய்ந்து, பின்னால் இரண்டும் வயதிலும் ஆழத்திலும் நன்றாக இருந்தால் இரண்டு போதும். ஆனால் புது ஜோடியைப் பின்னால் போடச் சொல்லுங்கள், பின்னால் இருந்தது முன்னால் வரட்டும். முன் சக்கரம் இழுக்கும் காருக்கும் இதுதான். கேட்க விசித்திரமாக இருக்கும். டயர் மாட்டுகிறவரே வாதாடுவார். ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், வேகத்தைக் குறைத்தால் பிடி திரும்ப வந்துவிடும். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும், சாதாரண ஓட்டுநரால் அதைத் திருப்பிப் பிடிக்க முடியாது.

புது டயர் போட்டால் பயணத்துக்கு முன்பே சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிடுங்கள். அச்சிலிருந்து எடுக்க வசதியாகப் பூசிய வழுவழுப்பு மேலே ஒட்டியிருக்கும், அது போகும் வரை பிடிப்பு குறைவு. பேலன்சிங், அலைன்மென்ட்டில் குறை இருந்தாலும் அதற்குள் தெரிந்துவிடும்.

ஸ்டெப்னியைப் பற்றி ஒரு வார்த்தை. (1904இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் இருந்த ஒரு கடையில் உருவான மாற்றுச் சக்கரத்தின் பெயர் அது. அங்கேயே மறந்துபோன சொல்லை நாம் இன்னும் உயிரோடு வைத்திருக்கிறோம்.) டிக்கியின் அடியில் ஒரு தடவைகூட ரோட்டைத் தொடாமல் படுத்திருக்கும் அந்த டயருக்கும் வயது ஏறியிருக்கும். காற்று பாருங்கள், தேதி பாருங்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் மேலேயே 80 என்று வேக வரம்பு போட்டிருக்கும். அதோடு அடுத்த ஊர் வரைதான் போகலாம். இடைவெளி அதிகமுள்ள பாதைக்கு முழு அளவுச் சக்கரம் ஒன்று தேடி வாங்குவது, நான்கு புது டயர் வாங்குவதை விடவும் சில சமயம் புத்திசாலித்தனம்.

பிரேக், பேட்டரி, மற்றவை

பிரேக் பேடைப் பார்க்கச் சொன்னால் எல்லா மெக்கானிக்கும் பார்ப்பார். பிரேக் ஆயிலைச் சொல்லி மாற்ற வைக்க வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டப்பாவில் டாட் 4 (DOT 4) என்று போட்டிருக்கும் வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, 140. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வரும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை இறங்கும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆன பிரேக் ஆயிலோடு மலை இறங்குவதை விட, தேய ஆரம்பித்த பேடோடு சமதளத்தில் போவது மேல்.

பேட்டரிக்கு மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நிறுத்திய காரில் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். என்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் நடுவில் இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. ஐந்து வயது ஆன பேட்டரியை எண் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவேன். மூன்று வயது என்றால் விட்டுவிட்டு, ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கி வைத்துக்கொள்வேன். அது அடுத்த காருக்கும் உதவும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ளவர்களுக்குத்தான் உண்மையான தர்மசங்கடம். 2,00,000 கிலோமீட்டர் வரை ஆயிலே மாற்றாத கியர்பாக்ஸில் இப்போது மாற்றலாமா? மாற்றியதும் கியர் வழுக்க ஆரம்பித்தது என்ற கதைகள் உண்டு. பெரும்பாலும் ஏற்கெனவே தேய்ந்துபோனதைத்தான் புது ஆயில் அம்பலப்படுத்துகிறது. ஆனாலும் பயணத்துக்கு முன் அம்பலமாக வேண்டுமா என்ன? கியர் ஒழுங்காக விழுந்து, ஆயில் சிவப்போ லேசான பழுப்போ இருந்தால், அடியில் வடிகிற அளவை மட்டும் வடித்து அதே அளவு புதுசை ஊற்றுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். மெஷின் வைத்து முழுதாகத் தள்ளுவதைத் திரும்பி வந்த பிறகு பார்க்கலாம். கருகின வாசனை வந்தால் அந்தக் காரோடு போவதா என்பதையே மறுபடி யோசிக்க வேண்டும்.

என்ஜின் ஆயில், ஃபில்டர், வைப்பர், விளக்கு இவையெல்லாம் சொல்லாமலே செய்வீர்கள். பயணத்துக்கென்று ஆயிலின் தடிமனை மாற்றாதீர்கள். ஏசியில் வரும் விசில் சத்தம், கதவின் கிறீச், உள்ளே நடுங்கும் பிளாஸ்டிக் எதற்கும் இப்போது காசு செலவழிக்க வேண்டாம்.

யார் செய்வது, எப்போது செய்வது

கம்பெனி சர்வீஸ் சென்டரில் பாகம் நம்பகமானது, ரசீது கிடைக்கும். ஆனால் பழைய காரைக் கண்டதும் நீளமான பட்டியல் ஒன்று நீட்டுவார்கள், பாதி தேவையிருக்காது. உங்கள் காரை வருடக் கணக்காகப் பார்க்கும் மெக்கானிக்குக்கு அதன் நோய் வரலாறு தெரியும். அவரிடம் "என்ன மாற்றணும்?" என்று கேட்பதை விட, "இந்தக் காரில் நீங்கள் உங்கள் குடும்பத்தோடு போவீர்களா?" என்று கேட்டால் நேரான பதில் வரும். ஹோஸ், பேட்டரி மாதிரி எளிதானதை நீங்களே செய்யலாம். ஒரு தடவை கழற்றி மாட்டிய கைக்கு ரோட்டோரத்திலும் அது வரும். டைமிங் பெல்ட்டில் கன்னி முயற்சி வேண்டாம்.

எது செய்தாலும் மூன்று நான்கு வாரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். அப்புறம் ஒரு நாள் பயணத்தில் ஏற்றப்போகிற அதே பாரத்தோடு, ஏசி போட்டு, மேடு உள்ள பாதையில் 200 கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். வந்ததும் இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓடவிட்டு, ஃபேன் தானாகச் சுற்றி நிற்கிறதா என்று கவனியுங்கள். மறுநாள் காலை கூலன்ட் அளவு, கிளாம்ப், கழற்றி மாட்டிய சக்கரங்களின் நட்டுகள் எல்லாம் மறுபடி ஒரு சுற்று. முன்பு சொன்ன என்னுடைய கிளாம்ப் இந்தச் சோதனையில் வீட்டு வாசலிலேயே பிடிபட்டிருக்கும்.

சாமான்களை எடுத்துப்போவது, ரோட்டோர உதவிக்கான போன் எண்ணை நம்புவது இரண்டில் எது என்று யோசிப்பவர்கள் தங்கள் பாதையைப் பார்க்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு ஊர் வரும் நெடுஞ்சாலை என்றால் இழுவை வண்டி வரும், இரண்டு ஸ்பேனர் போதும். சிக்னலே கிடைக்காத நீளங்கள் இருந்தால் ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டர் என்ஜின் ஆயில், பஞ்சர் கிட், காற்று பம்ப், பியூஸ்கள், ஒரு ரிலே, தன்மேல் தானே ஒட்டும் சிலிக்கான் டேப், இழுக்கும் கயிறு. ஃபேன் பெல்ட்டை மாற்றும்போது கழற்றிய பழசு அறுந்த நிலையில் இல்லையென்றால் தூக்கிப் போடாமல் டிக்கியில் வையுங்கள். அலாய் சக்கரத்துக்கு லாக் நட் இருந்தால் அதன் சாவி எங்கே என்று இன்றைக்கே தேடுங்கள். எத்தனையோ பேர் நல்ல ஸ்டெப்னியை வைத்துக்கொண்டு, அந்தச் சாவி இல்லாமல் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாடகைக் கார் எப்போது?

சில அறிகுறிகள் தெரிந்தால் மூன்றாவது வழியை விட்டுவிட்டு நான்காவதுக்குப் போய்விட வேண்டும். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் கலந்த காப்பி மாதிரி குழம்பு, கூலன்ட்டின் எக்ஸ்பான்ஷன் டேங்கில் என்ஜின் ஓடும்போது விடாமல் குமிழி, அடிச்சட்டத்தில் ஸ்க்ரூடிரைவர் குத்தினால் உள்ளே போகும் துரு, எங்கே போகிறதென்றே தெரியாமல் குறையும் கூலன்ட். ஆயில் குடிக்கும் காரோடு போகலாம்; ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் என்றால் கூடவே கேனை எடுத்துக்கொண்டு, பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக் பார்த்துக்கொண்டே ஊர் சுற்றலாம். கூலன்ட் குடிக்கும் காரோடு, காரணம் தெரியும் வரை, அடுத்த ஊருக்குக்கூடப் போகக் கூடாது. குழம்பு விஷயத்தில் ஒரு சலுகை: குளிர்காலத்தில் குட்டிக் குட்டித் தூரம் ஓடும் காரில் ஈரம் கூடியே அப்படித் தெரியும். ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பின் மறைந்து, கூலன்ட் அளவும் குறையாவிட்டால் பயப்பட வேண்டாம்.

பணக் கணக்கும் ஒன்று உண்டு. இந்தப் பயணத்துக்காக மட்டுமே செய்யும் வேலை என்ன, எப்படியும் இந்த வருடம் செய்ய வேண்டியிருந்தது என்ன என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். டயர், பெல்ட், பிரேக் ஆயில் எல்லாம் இரண்டாவது பத்தியில் விழும். முதல் பத்தியின் கூட்டுத்தொகை வாடகையைத் தாண்டினால் வாடகைக் காரே எடுங்கள். பெரும்பாலும் தாண்டாது.

என் காருக்கு நான் மாற்றியது: ஹோஸ்கள், மூடி, தெர்மோஸ்டாட், கூலன்ட், பிரேக் ஆயில், பின்னால் இரண்டு டயர், ஆறு வயது பேட்டரி. டைமிங் செயின் என்பதால் அது தப்பித்தது. விட்டது: முன் சஸ்பென்ஷனில் லேசாகத் தட்டும் ஒரு புஷ், ஏசி விசில், ஒரு பக்கம் மட்டும் மெதுவாக ஏறும் கண்ணாடி. 1,900ஆவது கிலோமீட்டரில் சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையம் ஒன்று அறுந்து, குழாய் தரையில் உரச ஆரம்பித்தது. ரப்பர் எல்லாம் பார்த்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். காருக்கு அடியில் தொங்குவதை மறந்துவிட்டேன். கம்பி ஒன்றைச் சுற்றிக் கட்டி மீதித் தூரம் ஓட்டினேன். அந்தக் கம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறது.